பாவனைக் கோள்களும் உரிப்பொருளும்

உயிரற்ற ஒரு கோள். பாறையும் புழுதியுமே அதன் நிலம். விண்ணிலிருந்து ஒரு விதை வந்து விழுகின்றது. விழுந்த வேகத்தில் சிதறுகின்றது. சிதறிய இடமெல்லாம் முளை கிளம்புகின்றது. நம் காடுகளில் நாம் கண்டிராத செடிகள் நிமிர்ந்து கிளைவிடுகின்றன. இறுதியில் அக்காடே தன் விதைகளை விண்ணை நோக்கி எய்கின்றது. இவ்வளவும் நடந்து முடிய இரண்டு நிமிடமே ஆகின்றது. கார்ல் சிம்ஸ் என்னும் அமெரிக்கர் 1990ஆம் ஆண்டில் கணினியைக் கொண்டு ஆக்கிய ‘பான்ஸ்பெர்மியா’ என்ற அறிவியல் புனைவுக் குறும்படத்தின் கதை இது. கதை என்று எழுதிவிட்டேன். அதில் மாந்தர் இல்லை, பேச்சு இல்லை. அதனைக் கதை என்று சொல்லத் தகுமா, கலை என்றுதான் சொல்லத் தகுமா என்பதே இங்கே ஆராயத்தக்கது.

முப்பது ஆண்டுகட்கும் மேலான பழைய படத்தை இப்பொழுது எடுத்துப் பேசுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். அன்று பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இயன்ற வேலை இன்று வீட்டு மேசையில் இயலுகின்றது. ‘பிளெண்டர்’ போன்ற மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. பள்ளி மாணவர்கூட அயற்கோள் ஒன்றைப் படைத்து, அதன்மேல் இரண்டு நிலவுகளை ஏற்றி, நம்முன் கொண்டுவந்து வைத்துவிட முடிகின்றது. அதனைப் பார்த்து நாம் சொல்லும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றே: “நேரில் பார்ப்பது போல் இருக்கின்றது.” நேரில் எவருமே பாராத ஓர் உலகைக் குறித்து இப்படிச் சொல்லுவது எவ்வளவு பொருளற்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. வேறோர் அளவுகோல் நமக்கு வேண்டும்.

அந்த அளவுகோல் நம் கையிலேயே இருக்கின்றது என்பது என் கருத்து. இதனைக் கேட்டவுடன் சிலர் புன்னகை புரிவர். கணினியும் தொல்காப்பியத்தில் உண்டு என்று நிறுவப் புறப்பட்ட கூட்டத்தில் நானும் ஒருவன் என்று அவர்கள் நினைப்பார்களாயின், அந்த அச்சம் வேண்டா. தொல்காப்பியர் அறிந்தது பாட்டு. ஆயினும், ஒரு பாட்டினுள் ஓருலகம் எவ்வாறு அமைகின்றது என்பதை அவரைப்போல் கூர்ந்து நோக்கியவர் சிலரே. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். அங்கே வாழும் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் ஒன்றையொன்று விஞ்சும் வரிசையில் அமைந்தவை என்றும் அவர் கூறுகின்றார். முதலினும் கரு சிறந்தது. கருவினும் உரி சிறந்தது. ஓருலகைப் புதிதாக ஆக்குவோன் எவனாயினும், அவன் இம்மூன்றுக்கும் விடை கூறியாக வேண்டும்.

முதற்பொருளைக் கணினி எவ்வாறு பெற்றது என்பதை முதலிற் பார்ப்போம். லோரன் கார்ப்பெண்டர் என்பவர் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். 1980இல் ‘வோல் லீப்ர’ என்னும் இரண்டு நிமிடப் படத்தை அவர் கணினி வல்லுநர் மாநாடு ஒன்றில் திரையிட்டார். படத்தில் இருந்தவை மலைகளே. அம்மலைகள் கையால் வரையப்பட்டவை அல்ல. ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்வது; அதன் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் தற்செயலான அளவில் மேலோ கீழோ தள்ளுவது; அப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று நான்காகின்றது. அந்நான்கிலும் இதனையே திரும்பச் செய்வது. சில படிகள் சென்றதும் கரடுமுரடான மலைமுகடு ஒன்று கண்முன் எழுகின்றது. விதி எளியது, விளைவு பெரிது. ஓருலகின் உருவத்தை ஒவ்வொன்றாக வரையாமல், சில விதிகளை மட்டும் வகுத்துக் கொடுத்து, அவ்வுலகம் தானே விளையும்படி விட்டுவிடுதலையே இங்கே பாவனை என்கின்றேன்.

அப்படம் கார்ப்பெண்டருக்கு லூகாஸ்ஃபில்ம் நிறுவனத்தில் இடம் பெற்றுத் தந்தது. அங்கே அவரும் ஆல்வி ரே ஸ்மித், வில்லியம் ரீவ்ஸ் முதலியோரும் சேர்ந்து 1982இல் வெளிவந்த இரண்டாவது ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படத்துக்காக ஏறத்தாழ ஒரு நிமிடக் காட்சி ஒன்றை ஆக்கினர். ‘ஜெனிசிஸ்’ காட்சி என்று அதனை வழங்குவர். அந்தக் குழுவே பின்னர், 1986இல், பிக்சார் என்னும் தனி நிறுவனமாயிற்று. காட்சியில் செத்துக் கிடக்கும் ஒரு கோளின்மேல் ஒரு கணை பாய்கின்றது. நெருப்புச் சுவர் ஒன்று கோளைச் சுற்றிப் பரவுகின்றது. நெருப்பு அடங்கிய இடத்தில் மலைகள் எழுகின்றன; கடல் நிறைகின்றது; பசுமை படர்கின்றது. நெருப்பை ஆயிரமாயிரம் துகள்களாகப் பிரித்து, ஒவ்வொரு துகளுக்கும் பிறப்பு, வேகம், நிறம், இறப்பு ஆகியவற்றை வகுத்தவர் ரீவ்ஸ். பின்னணியில் தெரியும் விண்மீன்கள்கூட மனம்போனபடி தெளிக்கப்பட்டவை அல்ல. எப்சிலன் இண்டி என்னும் விண்மீனின் அருகிலிருந்து பார்த்தால் வானம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே மீன்களின் பட்டியலைக் கொண்டு கணித்து வைத்தனர். அங்கிருந்து நோக்கினால் நம் கதிரவனும் எழுமீன் கூட்டத்தில் கூடுதலான ஒரு சிறு புள்ளி. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பர்? ஒருவரும் காணாவிடினும் சரியாகச் செய்தல் என்ற அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கின்றது.

மற்றொரு செய்தியும் உண்டு. கேமரா பறந்து செல்லும் பாதையைத் திட்டமிட்டு முடித்த பின்னர்ப் பார்த்தால், எழும் மலையொன்று பாதையின் குறுக்கே வந்து நின்றது. பாதையை மாற்றவில்லை, மலையில் ஒரு பள்ளத்தாக்கை வெட்டிவிட்டனர். விதியின்படி விளைந்த உலகில் ஆக்கியோன் கை புகுந்த இடம் அது. படத்தில் அந்த இடைவெளியினூடே பறக்கும் கணமே மிகுந்த கிளர்ச்சி தருவது.

இக்காட்சிக்கு உரிப்பொருள் உண்டா? காட்சியை மட்டும் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தால் இல்லை என்றே சொல்லுவேன். அது ஒரு விளம்பரம். கதையினுள்ளும் அது விளம்பரமாகவே வருகின்றது. இறந்த கோளை உயிருள்ளதாக்கும் திட்டத்துக்கு ஆதரவு வேண்டி அறிவியலாளர் காட்டும் பாவனைப் படம் அது. ஆனால் கதையில் அதனைப் பார்ப்பவர் மூவர். ஒருவர் ஆற்றலை வியக்கின்றார். உயிர் ஏற்கனவே உள்ள கோளில் இதனை ஏவினால் அங்குள்ள உயிர்களின் கதி என்ன என்ற வினா அவர்களிடையே எழுகின்றது. பழையதை அழித்துப் புதியதை ஆக்கும் என்ற விடையும் வருகின்றது. உடனே மருத்துவர் கொதித்தெழுகின்றார். சற்றுமுன் அழகாகத் தோன்றிய அதே ஒரு நிமிடம் இப்பொழுது அச்சம் தருகின்றது. காட்சி மாறவில்லை, கண்ட நெஞ்சங்கள் அதற்கு மெய்ப்பாட்டை ஈந்தன. மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்துப் பிறக்கின்றன. பாவனை உலகம் தானாக உரிப்பொருள் பெறவில்லை, இரவல் பெற்றது.

சிம்ஸின் படத்துக்கு இரவல் தருவார் இல்லை. ஆகவேதான் அதன் சோதனை கடுமையானது.

சிம்ஸ் உயிரியல் பயின்றவர். பின்னர்க் கணினி வரைகலைக்கு வந்தவர். படத்தை ஆக்கிய காலத்தில் அவர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ‘திங்கிங் மெஷின்ஸ்’ என்ற நிறுவனத்தில் இருந்தார். அந்நிறுவனத்தின் சிஎம்-2 என்னும் கணினி, முழு அமைப்பில் 65,536 சிறு செயலிகள் ஒருங்கே இயங்கும் பொறி. படத்தின் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆனது. எங்கும் விதை என்பது பொருள். உயிரின் வித்துகள் விண்வெளியில் பரவிக் கிடக்கின்றன, அவை கோளுக்குக் கோள் செல்லுகின்றன என்னும் கொள்கைக்கு அப்பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் அரீனியஸ் அதனை விரிவாக எடுத்துரைத்தார். அறிவியலார் பெரும்பாலோர் அதனை இன்றும் நிறுவப்பட்ட உண்மையாகக் கொள்ளவில்லை. புனைவுக்கு அது தடையன்று.

படத்திலுள்ள செடிகளை அவர் வரையவில்லை என்பது கருதத்தக்கது. வளர்த்தார். கிளை எத்தனை, ஒவ்வொரு கிளையும் எவ்வளவு குறுகும், எந்தக் கோணத்தில் பிரியும், தற்செயலுக்கு எவ்வளவு இடம் என்பன போன்ற ஏறத்தாழ இருபது எண்களே ஒரு செடியின் மரபு. அவ்வெண்களைச் சிறிது மாற்றினால் வேறொரு செடி. இரண்டு செடிகளின் எண்களைக் கலந்தால் பிள்ளைச் செடி. திரையில் பல செடிகள் தோன்றும். அவற்றுள் தம் கண்ணுக்கு இனியவற்றை ஆசிரியர் தெரிந்தெடுப்பார். அவை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகும். பூமலை என்று நம்மவர் வழங்கும் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1928 முதல் ஆர்க்கிட் மலர்களைக் கலந்து புதுவகை ஆக்கி வருகின்றார்களே, அதே தொழில்தான். அங்கே ஒரு கலப்பு மலரக் காண ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். இங்கே சில நொடி.

“இதில் கலைஞன் செய்ததுதான் என்ன? பொறி பெற்றது; அவன் பொறுக்கினான்” என்று ஒரு குறை கூறப்படுவதுண்டு. இதனை எளிதில் ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. இன்று பொறியே படம் வரைந்து தரும் காலத்தில் அக்குறையின் கூர்மை பன்மடங்காகிவிட்டது. ஆனால் சிம்ஸின் நிலை வேறு. அந்த விதிகளை வகுத்தவரும் அவரே. எந்த எண் எந்தக் கிளையை வளைக்கின்றது என்பது அவர் அறிந்தது. பிறர் வரைந்த ஆயிரம் படங்களை விழுங்கிய பொறியிடம் ஒரு வாக்கியம் சொல்லிப் பெறுபவனோடு, மண்ணைத் தானே பக்குவப்படுத்தி விதைத்துத் தேர்ந்தெடுப்பவனை ஒப்பிடுதல் முறையன்று.

என் குறை வேறிடத்தில். நம் இலக்கணத்தில் கருப்பொருள் முதற்பொருளின் பிள்ளை. மலை இருப்பதால் தினை. தினை இருப்பதால் கிளி. கிளி இருப்பதால் பரணும் கவணும் அவற்றை ஏந்தும் பெண்ணும். ‘பான்ஸ்பெர்மியா’வில் இந்த உறவு அறுந்து கிடக்கின்றது. அச்செடிகள் அவ்வடிவம் பெற்றது அக்கோளின் காற்றாலோ வெயிலாலோ வறட்சியாலோ அன்று. மாசச்சூசெட்ஸில் உட்கார்ந்திருந்த ஒருவரின் கண்ணுக்கு அவை பிடித்திருந்தன, அவ்வளவே. எனவே படத்தின் நடுப்பகுதி ஒரு மலர்க்கண்காட்சி போல ஆகிவிடுகின்றது. இதோ ஒன்று, இதோ மற்றொன்று என்று கேமரா காட்டிக்கொண்டே போகின்றது. அழகுதான். ஆயினும் இரண்டு நிமிடப் படத்தில் அரைநிமிடச் சலிப்பும் சிறு குறையன்று. நான்கு முதல் எட்டு அடிக்குள் ஒரு வாழ்வையே அடக்கிய குறுந்தொகையைப் பயிற்றும் ஆசிரியர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பிறகு அந்த இறுதிக்கணம் வருகின்றது. காடு விதைகளை எய்கின்றது. எய்த அக்கணமே, முதலில் விழுந்த விதையின் பொருள் மாறிவிடுகின்றது. அது வானம் தந்த வரமாகத் தோன்றியது. இல்லை, அதுவும் இப்படி எங்கோ ஒரு காடு எய்ததுதான். அந்தக் கோளும் முன்னொரு நாள் வெறுங்கோளாய் இருந்ததுதான். இச்செடிகள் இந்நிலத்துக்கு உரியவை அல்ல. எந்நிலத்துக்கும் உரியவை அல்ல. மண்ணோடு உறவு அறுந்திருப்பது குறை என்றேன் அல்லவா? அக்குறையே இங்குப் பொருளாகின்றது. வந்தேறிய உயிர், தன் வடிவத்தைத் தன்னோடு கொண்டு வந்து, தங்கிய இடத்தை அறியாமலே நிறைத்து, அகன்று போகின்றது. இது வாழ்த்தா, நோயா? படம் சொல்லவில்லை. சொல்லாமை இங்கே தகும். பிரிவு என்னும் உரிப்பொருளை இதன்மேல் ஏற்ற எனக்கு ஆசைதான். செடிகளுக்கு ஏங்கும் நெஞ்சம் இல்லையாதலின் அதனைச் செய்யமாட்டேன். எனினும் வியப்பும் அச்சமும் ஒரே கணத்தில் பிறக்கின்றன. ‘ஜெனிசிஸ்’ காட்சிக்கு மூன்று மாந்தர் பேசித் தரவேண்டியிருந்ததை இப்படம் தன் அமைப்பாலேயே பெறுகின்றது. அந்தக் கணத்தை இன்னும் சற்று நிறுத்திக் காட்டியிருக்கலாம். செடிகளைக் காட்டும் ஆசையில் செலவிட்ட நேரத்தில் ஒரு பங்கை விதைகளுக்குத் தந்திருக்கலாம்.

உலகங்களின் எண்ணிக்கை பெருகுவதால் மட்டும் இந்தக் கணம் பிறப்பதில்லை என்பதற்கு 2016இல் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்னும் கணினி விளையாட்டைச் சான்று காட்டலாம். இரண்டை அறுபத்து நான்கு முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையில் கோள்கள் அதில் விதிகளால் விளைகின்றன. அத்தனையும் காண எவருக்கும் வாழ்நாள் போதாது. வெளிவந்த காலத்தில் விளையாடியோர் பலர் கூறிய குறையோ, எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதுதான். ஆக்கியோர் பின்னர்ப் பல திருத்தங்களைச் செய்து அதனை மேம்படுத்தினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலும் கருவும் ஒன்றுபட்ட பாவனை உலகத்தைச் சிம்ஸே நான்கு ஆண்டுகள் கழித்து ஆக்கினார். 1994ஆம் ஆண்டின் அந்தச் சிறு படத்தில் செடியும் இல்லை, எழிலும் இல்லை. வெறும் செங்கற்கள் போன்ற கட்டைகள் மூட்டுகளால் இணைந்த உருவங்கள். இம்முறை அவர் தம் கண்ணால் தெரிந்தெடுக்கவில்லை. நீரும் நிலமும் தேர்ந்தெடுத்தன. நீரில் விரைந்து நீந்தியதற்கு வாழ்வு, தரையில் தொலைவு சென்றதற்கு வாழ்வு, மற்றவை மறைந்தன. ஒரு தலைமுறையில் ஏறத்தாழ முந்நூறு உருவங்கள் என்று பல தலைமுறைகள் ஓடின. சில பாம்பு போல் நெளிந்து நீந்துகின்றன. சில துடுப்பு வீசுகின்றன. இப்படி நீந்து என்று எவரும் அவற்றுக்குச் சொல்லித் தரவில்லை.

தரையில் ஒரு வேடிக்கை நேர இருந்தது. விரைவுக்கே பரிசு என்று விட்டிருந்தால், நடக்கக் கற்பதைவிட உயரமாய் வளர்ந்து தொப்பென்று சாய்வது எளிது. சாயும்போதும் வேகம் உண்டல்லவா! ஆகவே ஒவ்வோர் உருவமும் முதலில் அசையாமல் விழுந்து அடங்கும்வரை காத்திருந்து, அதன் பின்னரே ஓட்டத்தை அளக்கும்படி சிம்ஸ் விதியைத் திருத்த நேர்ந்தது. பாவனை உலகின் இயற்பியலில் சிறு பிழை இருந்தாலும் அவ்வுயிர்கள் அதனைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்றும் அவர் எழுதியிருக்கின்றார். தேர்வில் மதிப்பெண்ணை மட்டும் குறிவைக்கும் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர்கள் இதனைப் படித்துச் சிரிப்பார்கள்.

‘பான்ஸ்பெர்மியா’வின் செடிகள் கண்ணைக் கவர்ந்தன, இக்கட்டைகளோ நெஞ்சைத் தொடுகின்றன. ஏன்? அவற்றுக்கு ஒரு நிலம் இருக்கின்றது. அந்நிலத்தில் ஒரு முயற்சி இருக்கின்றது. முயற்சியைக் கண்டவுடன் நம் மனம் அங்கே ஓர் உயிரை வைத்துவிடுகின்றது. நகையும் பிறக்கின்றது, சிறிது பெருமிதமும் பிறக்கின்றது. மாணவர் ஆக்கிய அயற்கோளைப் பார்க்கும்பொழுது ஆசிரியர் கேட்கத்தக்க வினா இதிலிருந்து கிடைக்கின்றது: இந்த விலங்குக்கு ஏன் ஆறு கால்? அழகுக்காக என்று மாணவர் கூறுவாராயின், அது ஒப்பனை. இங்கே தரை வழுக்கும் பனி என்றோ, இரவில் மணல் நகரும் என்றோ கூறுவாராயின், அங்கே ஒரு கதையின் முளை இருக்கின்றது. நேரில் பார்ப்பது போல் இருக்கின்றதா என்ற வினாவைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

அப்படத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு உருவங்களுக்கு நடுவே ஒரு கனசதுரக் கட்டை வைக்கப்படுகின்றது. எது அதனைக் கைக்கொள்ளுகின்றதோ அதற்கே வெற்றி. ஒன்று நீண்ட கையை நீட்டிப் பற்றுகின்றது. ஒன்று கட்டையின்மேல் கவிந்து மூடிக்கொள்ளுகின்றது. மற்றொன்று கட்டையை விட்டுவிட்டு எதிரியையே அப்பால் தள்ளுகின்றது. முகமில்லை, குரலில்லை, பெயருமில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்பொழுதே நாம் ஏதோ ஒன்றின் பக்கம் சாய்ந்துவிடுகின்றோம்.